வெறும் குழாயா, மின் இணைப்பா, பூஸ்டரா? குன்னூர் மலையில் மூன்று அடாப்டர்கள்

டால்பின் நோஸ் முனையில் நின்றால் எதிர்ச்சரிவில் கேத்தரின் அருவி வெள்ளை நூல் போலத் தெரியும். அந்த நூல் நூலாகவே விழுகிறதா, பஞ்சு பஞ்சாகக் கலைகிறதா என்பதுதான் என் கைக்கு வரும் ஒவ்வொரு அடாப்டருக்கும் (வேறு கேமராவின் லென்ஸை நம் கேமராவில் மாட்டுகிற இடைத்துண்டு) நான் வைக்கும் முதல் சோதனை. போன மாதம் வாங்கிய 0.71 மடங்கு ஃபோகல் ரெட்யூசர், அதாவது படத்தைச் சுருக்கிக் குவிக்கிற கண்ணாடி உள்ள அடாப்டர், முதல் தடவை அந்தச் சோதனையில் தேறவில்லை. ஆயிரம் ரூபாய் சுற்றி வாங்கிய வெறும் குழாய் தேறியது. ஆனாலும் இப்போது என் கேமராவில் அதிக நேரம் இருப்பது அந்த ரெட்யூசர்தான்.

கேமரா சோனி ஏ6300. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் எடுக்கிறவன் நான், கல்யாண வீடியோ வேலை எல்லாம் கிடையாது. லென்ஸ் மூன்று: சோவியத் காலத்து ஹீலியோஸ் 44-2, அதாவது 58 மி.மீ. எஃப் 2 (எஃப் எண் சிறிதானால் வெளிச்சம் அதிகம் வரும்), கேனான் 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்டிஎம், தூரத்துக்கு கேனான் 55-250. அடாப்டரும் மூன்று. ஒன்று, ஹீலியோஸுக்கான எம்42 (திருகி மாட்டுகிற பழைய வகை) குழாய், உள்ளே கண்ணாடியும் இல்லை, கம்பியும் இல்லை. இரண்டாவது, கேனான் லென்ஸுக்கான மின் இணைப்புள்ள குழாய். மூன்றாவது இந்தப் புது ரெட்யூசர், இதற்கு மின் இணைப்பும் உண்டு, உள்ளே கண்ணாடியும் உண்டு. எல்லோரும் ஸ்பீடு பூஸ்டர் என்றே சொல்வார்கள், அது மெட்டாபோன்ஸ் 2013 ஜனவரியில் அறிமுகப்படுத்திய பொருளின் பெயர், இப்போது வகைக்கே பெயராகிவிட்டது.

அடாப்டர் செய்கிற வேலை முதலில் இடைவெளியை நிரப்புவதுதான். சோனி இ மவுன்டில் (மவுன்ட் என்பது லென்ஸ் மாட்டுகிற வாய்) சென்சாருக்கும் மவுன்டுக்கும் நடுவே 18 மி.மீ. தூரம், கேனான் இஎஃப் லென்ஸ் எதிர்பார்ப்பது 44, எம்42 எதிர்பார்ப்பது 45.46. ஆக எம்42 குழாயின் நீளம் 27.46 மி.மீ. இருக்க வேண்டும். இதில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கூடிவிட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 58 மி.மீ. லென்ஸ், இன்ஃபினிட்டியில், அதாவது வெகு தூரத்தில், சரியாக நிற்கிற மாதிரி செய்யப்பட்டிருந்தால், சுமார் 34 மீட்டரோடு நின்றுவிடும். அதற்கு அப்பால் எதுவும் கூர்மையாகாது. சமவெளியில் வீட்டுக்குள்ளும் தெருவிலும் எடுக்கிறவர்களுக்கு இது கண்ணில் படாமலே போகலாம். இங்கே வாசல் கதவைத் திறந்தால் எதிரே மூன்று மடிப்பு மலை. நீளம் கூடிவிடக் கூடாது என்றுதான் மலிவுக் குழாய்களைப் பெரும்பாலும் ஒரு மயிரிழை குட்டையாகவே செய்கிறார்கள். லென்ஸ் இன்ஃபினிட்டியைத் தாண்டியும் திரும்பும், வளையத்தில் பொறித்திருக்கிற தூரக் கணக்கு பொய்யாகும், ஆனால் முகடு கூர்மையாக வரும். எனக்கு அது போதும்.

ரெட்யூசரில் கதை வேறு. முழு ஃபிரேம், அதாவது பெரிய சென்சாருக்கான, லென்ஸ் விரிக்கிற பெரிய ஒளி வட்டத்தை உள்ளே இருக்கிற கண்ணாடி சுருக்கிச் சிறிய சென்சார் மேல் குவிக்கிறது. பரப்பு ஏறத்தாழப் பாதியாவதால் வெளிச்சம் ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு, கூடுகிறது. ஹீலியோஸ் 41 மி.மீ. எஃப் 1.4 ஆகிவிடுகிறது, பார்வைக் கோணமும் அகலமாகிறது. ஆனால் அந்தக் கண்ணாடி உட்கார்ந்திருக்கிற இடம் இம்மி பிசகினாலும் போச்சு. என்னுடையது அப்படித்தான் வந்தது. போதாக்குறைக்கு ஹீலியோஸை அதில் மாட்ட எம்42-இலிருந்து இஎஃப்-க்கு ஒரு மெல்லிய வளையமும் வேண்டும், அதன் கனம் வெறும் 1.46 மி.மீ., அதுவும் தன் பங்குக்குப் பிசகலாம்.

டால்பின் நோஸிலிருந்து பஞ்சு அருவியோடு திரும்பி வந்த அன்று ராத்திரியே மொட்டை மாடியில் ட்ரைபாட் போட்டேன். எதிர் மலையில் ஒரு செல்போன் டவர், உச்சியில் சிவப்பு விளக்கு. ஃபோகஸ் பார்க்க அதைவிட நல்ல பொருள் கிடையாது, ஏனென்றால் சரியாக இருந்தால் அது புள்ளி, பிசகினால் வட்டம், நடுவில் சந்தேகமே இல்லை. ஹீலியோஸை இன்ஃபினிட்டி முட்டும்வரை திருப்பி, திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் பட்டாணி அளவுக்குச் சிவப்பு வட்டம். அடாப்டரைக் கழற்றி, ஓரத்தில் இருந்த பொடித் திருகை வாட்ச் கடை ஸ்க்ரூடிரைவரால் தளர்த்தி, கண்ணாடிச் சட்டத்தை நகக்கண் அளவு திருப்பி மறுபடி மாட்டினேன். வட்டம் பெரிதானது. எதிர்ப்பக்கம் திருப்பினேன், மிளகு ஆனது. இப்படி ஏழெட்டு தடவை கழற்றி மாட்டியதில், பத்தரை மணிவாக்கில், சிவப்புப் புள்ளி ஊசிமுனையாக நின்றது. திருகை இறுக்கிவிட்டேன். அடுத்த வாரம் மழை பெய்து கழுவி விட்ட காலையில் மறுபடி போய்ப் பார்த்தேன், அருவி நூலாகவே விழுந்தது. ரெட்யூசர் வாங்கப் போகிறவர்கள் இந்தத் திருகு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், இல்லாததை மலையில் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

இன்னொன்று, பனிமூட்டத்தில் அடாப்டரைச் சோதிக்காதீர்கள். மேகம் இறங்கியிருக்கும்போது எல்லாமே மென்மையாகத்தான் தெரியும், குற்றம் கண்ணாடியிலா காற்றிலா என்று பிரிக்க முடியாது. கூர்மையான இடத்துக்குத் திரையில் நிறம் பூசிக் காட்டுகிற ஃபோகஸ் பீக்கிங்கும் கைவிட்டுவிடும், அது விளிம்புகளின் வேறுபாட்டை வைத்துத்தானே நிறம் காட்டுகிறது, பனியில் விளிம்பே கரைந்துபோனால் எதைக் காட்டும்.

சரி, ஏன் ரெட்யூசரே அதிக நேரம் மாட்டியிருக்கிறேன் என்றால் சோலைக்காடு. கோத்தகிரி லாங்வுட் சோலைக்கு அனுமதி வாங்கிக்கொண்டு ஒரு நாள் காலை போனேன். உள்ளே பத்தடி வைத்ததும் வெளிச்சம் சட்டென்று இறங்கிவிடுகிறது, பாசி பிடித்த தண்டுகள், தலைக்கு மேலே இலைக்கூரை. வினாடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் வினாடியில் 50-இல் ஒன்று, அதை மாற்ற மனமில்லை. குழாயோடு ஹீலியோஸை எஃப் 2-இல் வைத்தால் ஐஎஸ்ஓ, அதாவது சென்சாரின் ஒளி உணர்வு, 6400 கேட்டது, நிழல்களில் பொரி பொரியாக இரைச்சல். ரெட்யூசரோடு அதே இடத்தில் 3200 போதும். எண்ணில் ஒரு ஸ்டாப்தான், ஆனால் மரத்தண்டின் கருமைக்குள் பாசியின் பச்சை தனியாகத் தெரிந்தது, குழாயில் எடுத்த காட்சியில் அது சாம்பலாகக் கலங்கியிருந்தது. ஹீலியோஸுக்கே உரிய அந்தச் சுழலும் பின்னணியும் ரெட்யூசரில்தான் கூடுதலாக வருகிறது. லென்ஸ் வட்டத்தின் ஓரத்தில்தானே அந்தச் சுழல் இருக்கிறது, வெறும் குழாய் போட்டால் சென்சார் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு ஓரத்தை வெட்டிவிடுகிறது. விலை கொடுத்து வாங்கிய அழகில் பாதியை வெளியே கொட்டுவது மாதிரி.

ஆனால் மலை ரயில் எடுக்க ரெட்யூசரைக் கழற்றிவிடுவேன். மேட்டுப்பாளையத்தில் காலை 7.10-க்குக் கிளம்பும் வண்டி கல்லாறு தாண்டியதும் பல்சக்கரப் பாதையில் ஏறத் தொடங்குகிறது, செங்குத்தான இடத்தில் ஏறத்தாழப் பன்னிரண்டு அடிக்கு ஒரு அடி ஏற்றம். அதனால் இன்ஜின் பின்னாலிருந்து தள்ளும். வீடியோ எடுக்கிறவனுக்கு இதன் அர்த்தம் என்னவென்றால், முதலில் வருவது முன்பெட்டியின் முகப்பில் கொடியோடு நிற்கிற பிரேக்ஸ்மேன், நீராவி கடைசியில்தான். அவர் முகத்தில் தொடங்கி ஃபோகஸைப் பெட்டி பெட்டியாக நகர்த்தி இன்ஜினில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். நீண்டு திரும்புகிற ஹீலியோஸ் வளையத்துக்கு இது தோதான வேலை. குழாயோடு போட்டால் முழு ஃபிரேம் கணக்கில் 87 மி.மீ. கோணம், ரோட்டோரத்தில் தள்ளி நின்றே நெருக்கமான ஃபிரேம் கிடைக்கும், தண்டவாளத்துப் பக்கம் போகவே தேவையில்லை. ரெட்யூசரில் அது 62-க்கு வந்துவிடும். அதோடு, பளீரென்ற வானத்துக்கு எதிராக எஃப் 8, எஃப் 11 என்று லென்ஸ் துவாரத்தை மூடினால் என் ரெட்யூசரில் படத்தின் நடுவே மங்கலான நீல வட்டம் ஒன்று வருகிறது, கண்ணாடிகளுக்குள் வெளிச்சம் எகிறித் திரும்புவதால். வெள்ளை நீராவி மேல் நீலப் பொட்டு, பிறகு எடுத்துத் தள்ளவே முடியாது. அந்தத் துவாரத்தை, அதாவது அப்பர்ச்சரை, மூடாமல் வெளிச்சத்தைக் குறைக்கிற என்டி ஃபில்டர் போட்டால் தப்பிக்கலாம். ஹீலியோஸுக்கும் கேனான் 50-க்கும் ஃபில்டர் அளவு ஒரே 49 மி.மீ., ஒன்று வாங்கினால் போதும்.

குழாயிலும் குறை இல்லாமல் இல்லை. ஜனவரியில் உறைபனி விழுந்த ஒரு விடியற்காலை, தேயிலைத் தோட்ட ஓரத்தில் அக்கா மகனோடு நின்றிருந்தேன். பழைய லென்ஸுக்குள் இருக்கிற கிரீஸ் குளிரில் இறுகிவிடும். வளையத்தைத் திருப்பினால் வளையம் அசையவில்லை, குழாய் மவுன்டில் ஆடியது. "மாமா, படம் துள்ளுது பாருங்க" என்றான் பையன். இன்னும் அழுத்தித் திருப்பியதில் எம்42 மரையே கழன்று லென்ஸ் கால் சுற்று சுழன்றுவிட்டது. பத்து நிமிடம் லென்ஸைச் சட்டைக்குள் வைத்துச் சூடேற்றிய பிறகுதான் வழிக்கு வந்தது, அதற்குள் புல்மேல் இருந்த வெள்ளை உருகிவிட்டது. அந்தக் காலையை எடுக்க முடியாமல் போனது இன்னும் மனதில் இருக்கிறது. ரெட்யூசரின் மவுன்ட் இறுக்கமாக இருக்கிறது, அந்த ஆட்டம் அதில் இல்லை.

மின் இணைப்புக் குழாயைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை, ஆனால் அது இல்லாமல் முடியாத ஒரு இடம் உண்டு. கேனான் இஎஃப் லென்ஸ்களில், 1987-இல் வந்த நாள் முதலாக, அப்பர்ச்சர் மின்சாரத்தில்தான் நகரும், வளையம் கிடையாது. மலிவாக இருக்கிறதே என்று இணைப்பில்லாத இஎஃப் குழாயை வாங்கினால் லென்ஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். இணைப்புள்ளது வாங்கினால் அப்பர்ச்சர், ஆட்டோஃபோகஸ், லென்ஸின் நடுக்கக் கட்டுப்பாடு மூன்றும் வரும். ஏ6300-இல் பாடிக்குள் நடுக்கக் கட்டுப்பாடு இல்லை என்பதால் கடைசியது எனக்குப் பெரிய விஷயம். சாயங்காலம் தேயிலைக்குள் இறங்கி மேய்கிற காட்டெருமைகளை வண்டியை விட்டு இறங்காமல் 55-250-இல் எடுக்க வேறு வழியே இல்லை, கிட்டே போகிற எண்ணம் யாருக்கும் வரக் கூடாது. இந்த லென்ஸை ரெட்யூசரில் போட முடியாது, அது சிறிய சென்சாருக்கான இஎஃப்-எஸ் வகை, வட்டத்தை மேலும் சுருக்கினால் நான்கு மூலையும் கறுத்துவிடும்.

ஆட்டோஃபோகஸை மட்டும் நம்பாதீர்கள். போட்டோவுக்குப் பரவாயில்லை. வீடியோவில், என் குழாயிலும் ரெட்யூசரிலும், கொஞ்சம் பனி குறுக்கே வந்தாலே முன்னும் பின்னும் தேடிக்கொண்டு நிற்கிறது, மோட்டார் சத்தம் கேமரா மைக்கில் விழுகிறது. ஈரத்தில் தங்க நிறத் தொடர்புப் புள்ளிகள் வியர்த்துப்போய், அப்பர்ச்சர் எண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடுகள் வந்ததும் இரண்டு முறை நடந்திருக்கிறது, உலர்ந்த துணியால் துடைத்ததும் சரியானது.

ஈரம் என்றதும் ஒன்று. ரெட்யூசரின் பின்கண்ணாடி சென்சாருக்கு வெகு அருகில் நிற்கிறது, அதில் பூஞ்சை பிடித்தால் அதில் மாட்டுகிற எல்லா லென்ஸுக்கும் சேர்த்துப் பிடித்த மாதிரி. மழைக்காலத்தில் இங்கே அலமாரிக்குள் வைத்த தோல் செருப்பே வெள்ளை பூத்துவிடும். காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரமானி, முள்ளை 45 சதவீதத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். குளிரிலிருந்து அடுப்பு எரிகிற சமையலறைக்குள் வரும்போது பையின் ஜிப்பைத் திறக்காமல் அரை மணி நேரம் விட்டுவிடுவேன்.

கையில் பணம் குறைவு, பழைய லென்ஸ் ஒன்றுதான் இருக்கிறது என்றால் யோசிக்காமல் குழாய். கேனான் லென்ஸ்கள் ஏற்கெனவே வீட்டில் இருந்து, தூரத்தில் இருப்பதை எடுப்பவர் என்றால் மின் இணைப்பு. சோலை, வீட்டுக்குள், அந்தி வெளிச்சம் என்று எடுப்பவர், பத்தாயிரத்துக்கு மேல் செலவழிக்க முடியும் என்றால் ரெட்யூசர், அதுவும் இஎஃப் மவுன்டிலேயே வாங்குங்கள். நிக்கான் எஃப் லென்ஸ் எதிர்பார்ப்பது 46.5 மி.மீ., எம்42 45.46, இரண்டுமே 44-ஐவிடச் சற்று அதிகம் என்பதால் மெல்லிய வளையம் போட்டு ஒரே ரெட்யூசரில் எல்லாவற்றையும் மாட்டலாம். நிக்கான் மவுன்டில் வாங்கினால் கேனான் லென்ஸ் உள்ளே வரவே வராது.

நண்பனின் அப்பா வைத்திருந்த பழைய நிக்கார் 50 ஒன்று இந்த வாரம் என்னிடம் வந்திருக்கிறது, அதற்கான இரண்டரை மி.மீ. வளையமும் வந்துவிட்டது. கண்ணாடிச் சட்டத்தை நான் எம்42 வளையத்துக்கு ஏற்றபடி நிறுத்தியிருப்பதால் இதன் கனம் துளி வேறுபட்டாலும் மறுபடி திருகைத் தொட வேண்டியிருக்கும். மூன்று நாளாகக் குன்னூரில் மேகம் கலையவில்லை, டவர் விளக்கே தெரியவில்லை. ஞாயிறு காலை வானம் திறந்தால் டால்பின் நோஸ் போகிறேன்.