ஹார்ஸ்ராடிஷ் விதை என்று விற்றால் வாங்காதீர்கள்

ஆன்லைனில் ஒரு விற்பனையாளரிடம் ஹார்ஸ்ராடிஷ் (வேரைத் துருவிச் சாப்பிடும் காரமான செடி) விதையும் வேர்த்துண்டும் ஆர்டர் போட்டோம். விதை முளைத்து, கடைசியில் வெள்ளை முள்ளங்கி திரண்டது. வேரில் ஒன்றுகூடத் துளிர்க்கவில்லை. கேட்டால், "வெயிலுக்கு இது வராதுங்க" என்று ஒரே பதில். பணம் திரும்பவில்லை.

ஹார்ஸ்ராடிஷ் முளைப்புள்ள விதை வைப்பது அபூர்வம்; வேர்த்துண்டை நட்டுத்தான் வளர்ப்பார்கள். அதனால் விதைப் பொட்டலம் என்றாலே சந்தேகப்படுங்கள். உருண்டையான பழுப்பு மணி பெரும்பாலும் முள்ளங்கி அல்லது கடுகு. மூன்று இறக்கை இருந்தால் முருங்கை. அதன் வேரும் காரமாக இருக்கிறதே என்று துருவிச் சாப்பிட வேண்டாம், வேர்ப்பட்டையில் நச்சு ஆல்கலாய்டுகள் உண்டு.

வேர் வாங்கினால் பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள். துண்டு பென்சில் தடிமனில், 15–20 செ.மீ. நீளம் இருக்க வேண்டும். மேல்முனை நேராகவும் கீழ்முனை சாய்வாகவும் வெட்டியிருந்தால் தலைகீழாக நட மாட்டீர்கள். ரப்பர் போல வளைந்தால் காய்ந்துவிட்டது. முழு வேரில் வாசனை இருக்காது. நகத்தால் கீறினால்தான் நொதி வேலை செய்து காரம் கிளம்பும். உள்ளே வெள்ளையாக இருந்து மூக்கில் சுரீரென்று ஏற வேண்டும். எங்களுக்கு வந்தவை உள்ளே பழுப்பு, நெடியே இல்லை. செத்த வேருக்கு வெயிலைக் காரணம் சொல்வது சுத்தப் பித்தலாட்டம்.

வெயிலில் சிக்கல் இல்லாமல் இல்லை. குளிர் கிடைக்காவிட்டால் வேர் மெலிந்து, காரமும் குறையலாம். அதனால் நடும் முன் ஈரமான தேங்காய் நார்த்தூளில் பொதிந்து, ஃப்ரிட்ஜில் (ஃப்ரீசரில் அல்ல) 4–6 வாரம் வையுங்கள். வெயில் தணியும் பருவத்தில், 45 செ.மீ. ஆழமுள்ள தொட்டியில் சாய்வாக நடுங்கள். மேல்முனைக்கு மேல் 5 செ.மீ. மண் போதும். பிற்பகல் நிழலும் மூடாக்கும் (மண்ணை மூடும் காய்ந்த இலை, வைக்கோல்) அவசியம். உச்சிவெயிலில் இலை தொங்கினால் பதறி நீர் ஊற்றாதீர்கள், மாலையில் தானே நிமிரும். தேங்கும் நீரில் வேர் அழுகிவிடும். முட்டைக்கோஸ் புழு வந்தால் கையால் பொறுக்கிவிடலாம்.

துருவும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள். துருவிய உடனே வினிகர் விட்டால் காரம் மிதமாக நிற்கும்; மூன்று நிமிடம் பொறுத்து விட்டால் கண்ணில் நீர் வரும். சமைத்தால் காரம் போய்விடும்.

அறுவடையில் பென்சில் தடிமனான பக்கவேர்களை எடுத்து வையுங்கள். அடுத்த நடவுக்கு யாரிடமும் வாங்க வேண்டியதில்லை.