பேஸ்மேக்கர் வைத்த பக்கத்துக் கை வீங்கினால் டாப்ளர் ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்

பேஸ்மேக்கரோ, ஆபத்தான இதயத் துடிப்பை மின்னதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யும் ஐ.சி.டி. கருவியோ பொருத்திக்கொண்டவருக்கு அந்தப் பக்கத்துக் கை தோளிலிருந்து விரல்வரை வீங்கினால், தையல் போட்ட இடத்தில் இரண்டொரு நாள் இருக்கும் சாதாரண வீக்கமாக அதை எண்ணிவிடக் கூடாது. கையின் ஆழ்சிரையில், அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் உட்புறக் குழாயில், ரத்தம் உறைந்திருக்கிறதா என்று ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்து அன்றைக்கே பார்த்துவிட வேண்டும். என் தந்தைக்குப் பேஸ்மேக்கர் பொருத்திய திருச்சித் தனியார் மருத்துவமனை இதை எங்களிடம் சொல்லவில்லை. நாங்களாகப் போய்க் கேட்டபோதும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நாடித்துடிப்பு மிகவும் குறைந்துபோயிருந்ததால் பேஸ்மேக்கர் தவிர்க்க முடியாததாக இருந்தது. அதைப் பொருத்திய விதத்தில் எங்களுக்குக் குறையில்லை, கருவி இன்றும் ஒழுங்காக இயங்குகிறது. டிஸ்சார்ஜ் சம்மரியில் காயத்தை நனைக்கக் கூடாது, இடது கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது என்று மட்டும் எழுதியிருந்தார்கள். வீடு திரும்பிய சில நாட்களில் இடது கை கனக்கத் தொடங்கியது. மோதிரம் கழலாமல் இறுகியதால் நகைக்கடையில் கொடுத்து வெட்டி எடுக்க நேர்ந்தது. சட்டையைக் கழற்றிப் பார்த்தால், அதுவரை கண்ணில் படாத பச்சை நரம்புகள் தோளிலும் நெஞ்சிலும் புடைத்துக்கொண்டிருந்தன. மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றபோது, பணியிலிருந்த இளம் மருத்துவர் தையலை மட்டும் பார்த்துவிட்டு, கையை அசைக்காமல் வைத்திருந்ததால் வந்த நீர்க்கோப்பு என்று சொல்லி நீர் மாத்திரை எழுதிக்கொடுத்தார். வீக்கம் குறையவில்லை என்று மறுபடியும் போனபோது எலும்பு மருத்துவரிடம் அனுப்பினார்கள். அதற்குத் தனிக் கட்டணம். டாப்ளர் இயந்திரம் அதே கட்டடத்தின் தரைத்தளத்தில்தான் இருந்தது.

கை நீலம் பாரித்து வலி தாங்க முடியாமல் போன பிறகே ஸ்கேன் எடுத்தார்கள். அக்குள் சிரையிலும், காறை எலும்புக்கு அடியில் செல்லும் பெரிய சிரையிலும் ரத்தம் உறைந்திருந்தது. பேஸ்மேக்கரின் லீட் எனப்படும் வயர்கள் இந்தச் சிரைகளின் வழியாகத்தான் இதயத்துக்குள் போகின்றன. வயர் சிரையின் உட்சுவரை உரசுவதாலும், ரத்த ஓட்டம் அங்கே மந்தமாவதாலும் உறைவு ஏற்படலாம். கருவி பொருத்தியவர்களின் சிரைகளைப் படமெடுத்துப் பார்த்த ஆய்வுகளில் கணிசமானோருக்கு ஓரளவு அடைப்பு தெரிந்தாலும், பக்கத்துச் சிறு சிரைகள் ரத்தத்தைக் கடத்திவிடுவதால் பெரும்பாலோர் அதை உணர்வதே இல்லை. கை வீங்கும் அளவுக்கு முற்றுவது சிலருக்கு மட்டுமே. வயர்களின் எண்ணிக்கை கூடியவர்கள், இதயத்தின் பம்ப் செய்யும் திறன் குறைந்தவர்கள், முன்னதாகத் தற்காலிக பேஸ்மேக்கர் வயர் வைத்திருந்தவர்கள் ஆகியோருக்கு ஆபத்து அதிகம். என் தந்தைக்கு நிரந்தரக் கருவிக்கு முன்பு தற்காலிக வயர் வைத்தவர்களே அந்த மருத்துவமனையினர்தான் என்பதால், இந்த வாய்ப்பு அவர்களுக்குத் தோன்றாமல் போனதை என்னால் ஏற்க முடியவில்லை. உறைவு நகர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். அரிதாக, ரத்தம் திரும்பிப் போக வழியில்லாமல் கையையே இழக்கும் நிலையும் வரலாம்.

இதற்குப் பிறகு அவர்கள் சொன்னதுதான் எங்களை மேலும் அதிர வைத்தது. கருவியையும் வயர்களையும் உடனே எடுத்துவிட்டு, தொடைச் சிரை வழியாக இதயத்துக்குள் வைக்கும் வயரில்லாத பேஸ்மேக்கரைப் பொருத்த வேண்டும் என்று கூறி, பல லட்ச ரூபாய்க்கு எஸ்டிமேட் போட்டு அன்று மாலைக்குள் கையெழுத்துக் கேட்டார்கள். நாங்கள் மறுத்துவிட்டு மதுரைக்கு அழைத்துச் சென்றோம். நோய்த்தொற்று இல்லாமல் கருவியும் சரியாக இயங்கும்போது, உறைவுக்காக மட்டும் அதை எடுப்பது வழக்கமில்லை என்றும், ரத்தம் உறையாமலிருக்கும் மருந்தே முதல் சிகிச்சை என்றும் அங்கே பொறுமையாக விளக்கினார்கள். காறை எலும்புக்குப் பின்னால் இருப்பது டாப்ளரில் சரியாகத் தெரியாது என்பதால், சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியாட்டினின் அளவைப் பார்த்துவிட்டு, சிரைகள் படத்தில் தெரிவதற்கான மருந்தைச் செலுத்தி சி.டி. எடுத்தார்கள். அறுவை செய்த இடம் இன்னும் பச்சைப் புண்ணாக இருந்ததால் ரத்தம் கசிகிறதா என்று கண்காணித்துக்கொண்டே ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் ஊசி கொடுத்தார்கள். பிறகு அதே வேலையைச் செய்யும் வார்ஃபரின் மாத்திரைக்கு மாற்றினார்கள். ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு 2-க்கும் 3-க்கும் இடையில் இருக்க வேண்டும், மாத்திரையைக் குறைந்தது 3 மாதம் தொடர வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். கை இப்போது பெருமளவு வடிந்துவிட்டது. அந்த மோதிரத்தை மட்டும் இன்னும் ஒட்டவைக்கவில்லை.

திருச்சி மருத்துவமனையிடம் கேஸ் ஷீட் நகல் கேட்டோம். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுங்குமுறை விதிகள் சொல்வதை எழுத்தில் சுட்டிக்காட்டும்வரை இழுத்தடித்தார்கள். வந்த நகலில், நாங்கள் கை வீக்கத்துக்காகப் போன இரண்டு முறையும் ‘தையல் பரிசோதனை’ என்றே பதிவாகியிருக்கிறது. வீக்கம் பற்றி ஒரு வரிகூட இல்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதற்கு இதுவே எங்களுக்குப் பெரிய இடையூறு என்று வழக்கறிஞர் சொல்கிறார். ஆகவே உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி நேர்ந்தால், வீக்கத்தை ஓ.பி. சீட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் இரண்டு கைகளையும் சேர்த்துத் தேதியுடன் புகைப்படம் எடுத்து, மருத்துவமனையின் மின்னஞ்சலுக்கு அன்றே அனுப்பிவிடுங்கள்.