நாற்பத்தொன்றில் எட்டு: விண்டோஸ் சர்வீஸ்களை முடக்கி மூன்று வருடம்

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை இரவு, விண்டோஸ் 10 லேப்டாப்பில், திரையில் தெரியாமல் பின்னணியில் ஓடும் புரோகிராம்களான சர்வீஸ்களில் 41ஐ ஒரே மூச்சில் முடக்கினேன். நடுவில் விண்டோஸ் 11க்கும் மாறியாயிற்று. இன்றைய தேதிக்கு முடங்கிக் கிடப்பவை எட்டுதான். மற்ற 33ஐயும் நானே ஒவ்வொன்றாகத் திரும்ப எழுப்பிவிட்டேன். சிலது தேவைப்பட்டது, மீதியை முடக்கி வைத்ததில் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று பிறகுதான் புரிந்தது.

ஆரம்பித்த காரணம் சின்னது. எந்த வேலையும் செய்யாமல், பிரவுசரைக்கூட மூடிவிட்டு, ரிசோர்ஸ் மானிட்டரில் நெட்வொர்க் பக்கத்தைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நான் சும்மா இருந்தேன், மெஷின் சும்மா இல்லை. என்னென்னவோ வெளியே போய்க்கொண்டிருந்தது. எல்லாவற்றுக்கும் எஸ்விசிஹோஸ்ட் என்று ஒரே பெயர். அது பல சர்வீஸ்களுக்கும் பொதுவான ஓடு, உள்ளே இருப்பது எது என்று டாஸ்க் மேனேஜரில் விரித்துப் பார்த்தால்தான் தெரியும் என்பதெல்லாம் அன்று எனக்குத் தெரியாது. பயந்துபோய், இணையத்தில் கிடைத்த 'தேவையில்லாத சர்வீஸ்கள்' பட்டியல் ஒன்றை எடுத்து மேலிருந்து கீழ்வரை டிசேபிள் போட்டுக்கொண்டே போனேன்.

மறுநாள் காலை வைஃபை இல்லை. ஐகானே காணோம். டபிள்யூலான் ஆட்டோகான்ஃபிக் என்ற சர்வீஸை முடக்கியிருக்கிறேன். கேபிள் மட்டும் பயன்படுத்துபவர்களுக்காக எழுதிய பட்டியல் அது. எப்படிச் சரிசெய்வது என்று தேட இணையம் வேண்டும், இணையம் வர சரிசெய்ய வேண்டும். கடைசியில் ஃபோனில் தேடித்தான் மீண்டேன். அடுத்த வாரம் புளூடூத் ஹெட்செட் போனது. அதற்கடுத்து ஸ்கேனர்.

இவையாவது உடனே தெரிந்துவிட்டன. விண்டோஸ் டைம் சர்வீஸ் செய்த வேலைதான் மறக்க முடியாதது. கடிகாரம் பார்க்கும் சர்வீஸ் எனக்கு எதற்கு என்று முடக்கியிருந்தேன். சில மாதங்கள் கழித்து, இரண்டாம் கட்ட லாகினுக்குப் போடும் ஆறு இலக்க எண்களை எந்தத் தளமும் ஏற்க மறுத்தது. அந்த எண்களை உருவாக்கும் ஆப்பை லேப்டாப்பிலேயே வைத்திருந்தேன். அந்த எண் நேரத்தை வைத்துக் கணக்கிடப்படுவது. வழக்கமாக 30 விநாடிக்கு ஒருமுறை மாறும். என் கடிகாரமோ மெல்ல மெல்லப் பின்தங்கி இரண்டு நிமிடத்தைத் தாண்டியிருந்தது. பாஸ்வேர்டை மாற்றினேன், ஆப்பை அழித்துப் போட்டேன், கணக்கையே யாரோ கைப்பற்றிவிட்டார்கள் என்றுகூட நினைத்தேன். இரண்டு நாள் கழித்து, ஃபோன் ஒரு நேரமும் லேப்டாப் ஒரு நேரமும் காட்டுவதைத் தற்செயலாகப் பார்த்தபோதுதான் விளங்கியது. தனியுரிமைக்காகச் செய்த வேலை என் பாதுகாப்பையே பூட்டி வைத்திருந்தது.

அதற்குப் பிறகுதான் கேள்வியை மாற்றினேன். 'இது தேவையா?' என்று கேட்டால் பாதி சர்வீஸ்கள் தேவையில்லாதவை போலத்தான் தெரியும். 'இது வெளியே பேசுகிறதா? அல்லது வெளியிலிருந்து யாராவது தட்டக்கூடிய கதவா?' என்று கேட்டபோது பட்டியல் சட்டென்று சுருங்கிவிட்டது. விண்டோஸ் சர்ச் அதற்கு நல்ல உதாரணம். ஃபைல்களைச் சீக்கிரம் தேட அது கட்டும் இண்டெக்ஸ் என்ற அட்டவணை நம் மெஷினிலேயேதான் இருக்கிறது. ஸ்டார்ட் மெனுவில் தட்டுவதை இணையத் தேடலுக்கு அனுப்புவது வேறு விஷயம். அதற்கு சர்ச் அமைப்பில் பார்க்க வேண்டும், சர்வீஸைக் கொல்வதால் நம் ஃபைலை நாமே தேட முடியாமல் போவதுதான் மிச்சம். அடிக்கடி திறக்கும் ஆப்களை முன்கூட்டியே நினைவகத்தில் ஏற்றி வைக்கும் சிஸ்மெயினும் அப்படித்தான். தனியுரிமைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, முடக்கியதால் வேகமும் கூடவில்லை.

எட்டில் முதல் இடம் டயக்ட்ராக்குக்கு. சர்வீஸ் பட்டியலில் 'கனெக்டட் யூசர் எக்ஸ்பீரியன்சஸ் அண்ட் டெலிமெட்ரி' என்று நீளமான பெயரில் இருக்கும். மெஷினின் பயன்பாட்டு விவரங்களை மைக்ரோசாஃப்டுக்கு அனுப்புவதுதான் டெலிமெட்ரி. ஹோம், ப்ரோ பதிப்புகளில் அமைப்புகளுக்குள் போய் டெலிமெட்ரியைக் குறைக்கலாம், முழுதாக அணைக்க முடியாது; அந்த வசதி என்டர்பிரைஸ், எஜுகேஷன் போன்ற பதிப்புகளுக்கு மட்டும். அதனால் வீட்டு மெஷினில் சர்வீஸை நிறுத்துவதுதான் வழி. முடக்குவதற்கு முன் டயக்னாஸ்டிக் டேட்டா வியூவர் ஆப்பைப் போட்டு என்னதான் போகிறது என்று பாருங்கள். நான் கொஞ்சம் ஏமாந்துதான் போனேன். ரகசியக் கடிதங்கள் எதுவும் இல்லை. எந்த ஆப் எப்போது திறந்தது, எது செயலிழந்தது, மெஷின் என்ன மாடல் என்று பக்கம் பக்கமாக அலுப்பூட்டும் விவரம். ஆனால் அந்த அலுப்பையெல்லாம் சேர்த்து வைத்தால் என் ஒரு நாளின் வரைபடம் கிடைத்துவிடும். கூடவே டாஸ்க் ஷெட்யூலரில், புரோகிராம்களைப் பற்றிய விவரங்களைத் திரட்டும் 'கம்பாட்டிபிலிட்டி அப்ரைசர்' என்ற வேலையையும் அணைக்க வேண்டும். அது சர்வீஸ் அல்ல என்பதால் பலர் கண்ணில் படுவதில்லை.

இதில் நான் அடித்த கூத்து ஒன்று உண்டு. சர்வீஸை நிறுத்த பவர்ஷெல்லைத் திறந்து 'எஸ்சி ஸ்டாப் டயக்ட்ராக்' என்று அடித்தேன். பிழைச் செய்தி ஏதும் வரவில்லை, நின்றுவிட்டது என்று நிம்மதியாக இருந்தேன். சில வாரம் கழித்து என் யூசர் ஃபோல்டரில் 'ஸ்டாப்' என்ற பெயரில் ஒரு ஃபைல். நோட்பேடில் திறந்தால் உள்ளே ஒரே ஒரு சொல்: டயக்ட்ராக். விண்டோஸோடு வரும் பவர்ஷெல்லில் எஸ்சி என்பது ஃபைலில் எழுதும் கட்டளையின் சுருக்கப் பெயராம்! சர்வீஸ் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. கட்டளையோடு டாட் இஎக்ஸ்இ சேர்த்து, அட்மினாகத் திறந்து அடிக்க வேண்டும். அன்றிலிருந்து எதை முடக்கினாலும் ரீஸ்டார்ட் செய்து, நிலையைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நம்புகிறேன்.

இரண்டாவது, எரர் ரிப்போர்ட்டிங். ஒரு புரோகிராம் செயலிழக்கும்போது அந்த நேரத்து நினைவகத்தின் நகல் அறிக்கையோடு போகக்கூடும். நாம் திறந்து வைத்திருந்த ஆவணத்தின் ஒரு துண்டு அதில் தற்செயலாகச் சிக்கிக்கொள்ளலாம். டெலிமெட்ரியைவிட எனக்கு இதுதான் உறுத்தியது. டிஎம்வேப்புஷ் சர்வீஸும் அணைந்திருக்கிறது. அலுவலகம் தொலைவிலிருந்து நிர்வகிக்கும் மெஷின் என்றால் அதைத் தொடாதீர்கள், நிர்வாகச் செய்திகள் அது வழியாகத்தான் வரும்.

பிரிண்ட் வேலைகளை வரிசையில் வைத்து அனுப்பும் பிரிண்ட் ஸ்பூலரை முடக்கியது கதவு மூடும் கணக்கில். 2021இல் பிரிண்ட்நைட்மேர் என்று பெயர் வாங்கிய பாதுகாப்பு ஓட்டை இதில்தான் இருந்தது. எனக்குப் பிரிண்ட் எடுக்கும் வேலை எப்போதாவதுதான் வரும், அப்போது எழுப்பிக்கொள்கிறேன். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: ஸ்பூலர் இல்லாவிட்டால் 'பிரிண்ட் டு பிடிஎஃப்' கூட வேலை செய்யாது. ஆபீஸ் மென்பொருள்தான் கெட்டுவிட்டது என்று அதை ரீஇன்ஸ்டால் செய்துவிட்டு உட்கார்ந்தேன். பிரவுசரே தன் சொந்த முறையில் பிடிஎஃப் ஆகச் சேமிப்பது மட்டும் நடக்கிறது.

எக்ஸ்பாக்ஸ் பெயரில் இருப்பவற்றில் மூன்றை முடக்கியிருக்கிறேன். நான் கேம் விளையாடுவதில்லை. உண்மையைச் சொன்னால் அவை மேனுவலில் இருப்பவை, கூப்பிடாமல் ஓடுவதில்லை. முடக்கி வைத்திருப்பது வெறும் பிடிவாதம்.

பழைய லேப்டாப் ஒன்றில் லினக்ஸ் ஓடுகிறது. டெலிமெட்ரி அங்கே பெரிய தலைவலி இல்லை, ஆனால் கதவுகள் அங்கேயும் உண்டு. அவாஹி என்ற சர்வீஸ், ஒரே நெட்வொர்க்கில் இருப்பவர்களுக்கெல்லாம் மெஷினின் பெயரை அறிவித்துக்கொண்டிருக்கும். மெஷினுக்கு நம் பெயரையே வைத்திருந்தால் அதையும் சேர்த்துத்தான். பிரிண்டர்களைத் தானாகத் தேடும் கப்ஸ்-பிரவுஸ்டில் 2024 செப்டம்பரில் ஓட்டை வெளிவந்தபோது, அது ஏற்கெனவே என் மெஷினில் மாஸ்க் ஆகி, அதாவது எதுவும் எழுப்ப முடியாதபடி முடங்கிக் கிடந்தது. அன்று மட்டும் கொஞ்சம் கர்வமாக இருந்தது.

ஒரே கிளிக்கில் எல்லாவற்றையும் முடக்கும் ஸ்கிரிப்ட் ஒன்றையும் நடுவில் முயன்றேன். அது அப்டேட் சர்வீஸையும் சேர்த்தே முடக்கியிருந்தது. எதை மாற்றியது என்ற குறிப்பும் இல்லை. பாதுகாப்பு அப்டேட் வராத மெஷினில் தனியுரிமை பேசுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற வேலை. முழுதாக ரீஇன்ஸ்டால் செய்துதான் வெளியே வந்தேன்.

இப்போது ஒரு நோட்பேட் ஃபைல் வைத்திருக்கிறேன். ஒரு வரிக்கு ஒரு சர்வீஸ்: பெயர், முன்பு இருந்த ஸ்டார்ட்அப் டைப், முடக்கிய தேதி, காரணம். திரும்ப எழுப்பும்போது அது மேனுவலா ஆட்டோமேட்டிக்கா என்று நினைவிருக்காது. அந்த இரண்டாவது விவரம்தான் பலமுறை காப்பாற்றியிருக்கிறது. பெரிய அப்டேட் வந்தால் சில அமைப்புகள் பழைய நிலைக்குத் திரும்பிவிடுவதுண்டு, அப்போதும் இந்த ஃபைலை வைத்துத்தான் சரிபார்க்கிறேன். பத்து நிமிட வேலை.

கடைசி வரி, மெஷினின் இருப்பிடத்தைச் சொல்லும் ஜியோலொகேஷன். முடக்கினாலும் ஐபி முகவரியை வைத்து நம் ஊரை ஏறக்குறைய யூகித்துவிடலாம், ஆனால் தெருவரைக்கும் போகாது. அதற்கு விலையும் உண்டு: தொலைந்த லேப்டாப்பைக் கண்டுபிடிக்கும் வசதிக்கு இருப்பிடம் தெரிய வேண்டும். அடுத்த மாதம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஒரு வாரம் வெளியூர் போகிறேன். அந்த ஒரு வாரத்துக்கு மட்டும் அதை மேனுவலுக்கு மாற்றுவதாக எழுதி வைத்திருக்கிறேன். எட்டு அப்போது ஏழாகும்.