படிக்கட்டிலிருந்து பார்த்த இங்கிலீஷ் டியூஷன்

என் பெண் ப்ளஸ் டூ, காமர்ஸ் குரூப். அக்கவுண்ட்ஸுக்கு டியூஷன் வைப்பது சரி, இங்கிலீஷுக்கு எதற்குத் தண்டச் செலவு என்று வீட்டில் கேட்டார்கள். பள்ளியில் பாடத்தை ஒரு தடவை வாசித்து, விடைக்குக் கீழே பென்சிலால் கோடு போடச் சொல்வதோடு சரி. அதனால் பழைய வண்ணாரப்பேட்டையில் எம்.சி. ரோடு பக்கத்துச் சந்து ஒன்றில், மாடியில் நடக்கும் டியூஷனில் ஜூன் மாதம் சேர்த்துவிட்டேன். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நடத்துகிறார். போர்டு கிடையாது. மாதம் 700 ரூபாய், இரண்டு மாத அட்வான்ஸ். மாலை ஆறரையிலிருந்து எட்டு வரை.

சந்தில் விளக்கு இல்லை. பெண்ணைத் தனியாக அனுப்ப மனசு வராமல் நானும் கூடப் போய்ப் படியில் உட்கார்ந்துகொள்வேன். தையல் வேலை செய்கிறேன். பிளவுஸுக்கு ஹூக் வைக்க அந்த ஒன்றரை மணி நேரம் தோதாக இருந்தது. ஆகவே இது ஒரு வருஷம் காதால் கேட்டு எழுதும் விமர்சனம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். செய்யுள் பகுதியில் தோரு தத் எழுதிய சவுக்கு மரக் கவிதை ஒன்று இருக்கிறது. ஐந்து பத்தி, பத்திக்கு 11 வரி. அதைத் தொடங்கிய அன்று, "சவுக்கு மரம் பார்த்தவங்க கை தூக்குங்க" என்றார் சார். ஒரு கையும் எழவில்லை. அப்புறம் ஒரு பையன் மட்டும், "சார், பெயின்ட் அடிக்கும்போது சாரம் கட்டுவாங்களே, அந்தக் கட்டையா?" என்று கேட்டான். மற்றவர்கள் சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை. "அதேதான்டா. நம்ம ஊரில் அதை வெட்டின பிறகுதான் எல்லாரும் பார்க்கிறோம்" என்றார்.

அடுத்த வகுப்புக்கு எண்ணூர் பக்கமிருந்து ஒரு சவுக்குக் கிளையை மஞ்சள் பையில் போட்டு எடுத்து வந்துவிட்டார். கை மாறிக் கை மாறி அது நான் உட்கார்ந்திருந்த படிக்கும் வந்தது. ஊசி ஊசியாக இருப்பதை இலை என்றுதான் நானும் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அது மெல்லிய கிளையாம். இழுத்தால் கணு கணுவாகக் கழன்று வருகிறது. கணுவைச் சுற்றிச் செதில் மாதிரி துளித்துளியாக ஒட்டியிருக்கிறதே, அதுதான் இலை. கழன்ற துண்டைத் திரும்பச் செருகினால் முறிந்த இடமே தெரியாது. அன்றைக்குப் பாதி வகுப்பு இந்த விளையாட்டிலேயே போனது.

அப்புறம்தான் கவிதைக்குள் போனார். எழுதியவள் கல்கத்தாப் பெண். ஒன்றாக வளர்ந்த அண்ணன் 1865இல் இறந்தான், அக்கா 1874இல் போனாள், இவளும் 1877இல் 21 வயதில் போய்விட்டாள். மரத்தைச் சுற்றிய கொடி, உச்சியில் உட்கார்ந்த குரங்கு எல்லாம் முதலில் வருகிறது; ஆனால் மரம் அழகாக இருக்கிறது என்பதற்காக மட்டும் அவள் அதை நினைக்கவில்லை, கூட விளையாடியவர்களுக்காக நினைக்கிறாள் என்று சார் சொன்னபோது மேலே சத்தமே இல்லை. என் ஊசியும் நின்றுவிட்டது. பெண்ணின் நோட்ஸில் அந்த இடத்துக்கு "மரத்தின் மேன்மை" என்று தலைப்புப் போட்டு ஆறு பாயின்ட் இருக்கிறது. எவ்வளவு வித்தியாசம்!

ஜார்ஜ் ஆர்வெல்லின் டீக் கட்டுரையும் இப்படித்தான் களைகட்டியது. நல்ல டீக்கு 11 விதி சொல்கிறார் அந்த மனிதர். எழுதியது 1946இல், அங்கே டீத்தூளே ரேஷனில் கிடைத்த காலம். ரேஷன் என்றதும் பிள்ளைகளுக்குப் பளிச்சென்று பிடிபட்டது. சர்க்கரை போடக்கூடாது என்ற விதிக்கு மட்டும் கீழே டீக்கடை அண்ணன் வரை எதிர்ப்பு.

இனி குறை. நான் படித்தபோது ப்ளஸ் டூ இங்கிலீஷ் இரண்டு தாள். 2018-19இலிருந்து ஒரே தாள்தான். எழுத்துத் தேர்வு 90, அகமதிப்பீடு 10. அந்த 90இல் 20 மார்க் ஒன்வேர்ட், அதாவது ஒரு மார்க் கேள்விகள். சார் அந்தப் பக்கமே போகவில்லை. சவுக்கு மரத்துக்கு மூன்று வாரம் கொடுத்தவர், கிராமருக்கு மொத்தம் நான்கு வகுப்புதான் கொடுத்தார். அரையாண்டில் என் பெண்ணுக்கு ஒன்வேர்டில் 20க்கு 11. பாராகிராஃபில் ஐந்துக்கு ஐந்து வாங்கியவள்!

போய்க் கேட்டேன். "ஒன்வேர்டு எந்த கைடிலும் கிடைக்கும்மா, இது கிடைக்காது" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் ஃபீஸ் கட்டுகிறவளிடம் சொல்கிற பதிலா அது? அப்புறம் நானே ஒரு கைடு வாங்கி, ராத்திரி அவளை உட்கார வைத்து எதிர்ச்சொல், ஒரே பொருள் தரும் சொல் எல்லாம் கேட்டேன். என் உச்சரிப்பைத் திருத்தித் திருத்தியே அவள் பாதி மனப்பாடம் செய்துவிட்டாள். பப்ளிக்கில் 84 வந்தது.

மழைக்கு ஒரு வாரம் வகுப்பு நடக்கவில்லை, காசு கழிக்கவில்லை. மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, மார்ச்சில் பிள்ளைகள் நனைந்த துணியாக இறங்கி வருவார்கள். பாத்ரூம் பற்றி எழுத வேண்டாம்.

பாஸ் ஆனால் போதும் என்று 35ஐச் சுற்றித் தவிக்கும் பிள்ளையை இங்கே சேர்க்காதீர்கள், பாவம், நேரம் வீணாகும். கிராமர் ஓரளவு வரும், செய்யுள் மட்டும் கசக்கிறது என்றால் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கலாம். இளையவனை நான் அங்கேதான் சேர்க்கப் போகிறேன். கைடை இந்தத் தடவை ஜூனிலேயே வாங்கிவிடுவேன்.

அட்வான்ஸுக்கு ரசீது கேட்டு வாங்குங்கள், தானாகத் தரமாட்டார். கூடப் போகிற அம்மாக்கள் கீழிருந்து ஐந்தாவது படியில் உட்காருங்கள். அங்கே வெளிச்சமும் விழும், சார் குரலும் கேட்கும். அதற்கு மேல் முழுக்கச் செருப்பு.