குதிரை ஓய்வெடுக்கும் நாளில் கொள்ளு யார் செலவு?

சென்ற கோடை விடுமுறையில் மலை ஊர் ஒன்றின் ஏரிக்கரையில் என் மகளைக் குதிரைச் சவாரிக்கு அழைத்துப் போனேன். பழுப்புக் குதிரை; பின்னங்கால் ஒன்றைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது. சேணம் கொஞ்சம் விலகியபோது உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்திருப்பது தெரிந்தது. மேலே மஞ்சள் குழைத்துப் பூசியிருந்தார்கள். அதையும் மீறி ஈ மொய்த்தது. "புண் ஆறும்வரை நிறுத்தி வைக்கக் கூடாதா, அண்ணே?" என்று கேட்டேன். குதிரைக்காரர் கோபப்படவில்லை. "நிறுத்தினால் இதற்குக் கொள்ளு யார் வாங்கித் தருவார், தம்பி?" என்றார். மகளை ஏற்றாமல் திரும்பிவிட்டோம். அவருக்கு ஒரு சவாரி நஷ்டம். குதிரைக்கு எந்த லாபமும் இல்லை, அடுத்த ஆள் ஏறியிருப்பார்.

அழகர்கோவில் அடிவாரத்தில் குதிரை வண்டி விட்டால் எப்படியிருக்கும் என்று எங்கள் நண்பர்கள் கூடும்போதெல்லாம் பேச்சு வரும். அழகர் தங்கக் குதிரையில் வைகைக்கு இறங்கும் ஊர், ஊருக்கு ஊர் அய்யனாருக்கு மண்குதிரை செய்து வைக்கும் சீமை. ஆசை வருவது இயல்புதான். ஆனால் எந்த ஏற்பாட்டில் விடுவது? உலகில் நடைமுறையில் இருக்கும் நான்கு வழிகளை அந்தக் குதிரைக்காரரின் கேள்வியை வைத்தே உரசிப் பார்க்கிறேன்.

முதலில் ஒற்றை ஒப்பந்ததாரர் முறை. அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் உள்ள அகேடியா தேசியப் பூங்காவில் ஜான் டி. ராக்ஃபெல்லர் ஜூனியர் 1913 முதல் 1940 வரை குதிரை வண்டிக்கென்றே சாலைகள் போட்டார். பூங்காவுக்குள் மட்டும் சுமார் 45 மைல். உடைகல் பரப்பிய சாலை, மழைநீர் தேங்காத வடிகால், குதிரைக்கு மூச்சு வாங்காத மென்மையான ஏற்றம். மோட்டார் வாகனங்களுக்கு அங்கே இடமில்லை. பூங்காவுக்குள்ளேயே லாயம், அதை நடத்துபவர் அரசோடு ஒப்பந்தம் போட்ட தனியார். கட்டணத்துக்குப் பூங்காத் துறையின் ஒப்புதல் வேண்டும். 1998-ஆம் ஆண்டுச் சட்டப்படி இத்தகைய ஒப்பந்தங்கள் பொதுவாகப் பத்தாண்டுக்குள், போனால் இருபதாண்டுவரை.

இந்தக் கால அளவுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பத்தாண்டு கையில் இருப்பவர் கூடுதலாக இரண்டு குதிரை வாங்கி, மாற்றி மாற்றிப் பூட்டுவார். ஓராண்டுக் குத்தகைக்கு எடுத்தவரோ ஏலத்தில் கட்டிய பணத்தைச் சித்திரை, வைகாசிக்குள் எடுத்தாக வேண்டும். எதிலிருந்து எடுப்பார்? குதிரையின் முதுகிலிருந்துதான். அகேடியா முறையை இங்கே கொண்டுவந்து, குத்தகையை மட்டும் நம் வழக்கப்படி வருடா வருடம் ஏலம் விட்டால், நான்கில் மோசமான வழி அதுவாகிவிடும்.

இரண்டாவது, ஆளுக்கொரு உரிமம். அயர்லாந்தின் கில்லார்னி, அந்நாட்டின் முதல் தேசியப் பூங்கா. 1932-இல் மக்ரஸ் எஸ்டேட் நாட்டுக்கு நன்கொடையாகக் கிடைத்ததில் தொடங்கியது. 'ஜார்வி' என்று அழைக்கப்படும் வண்டிக்காரர்கள் அங்கே தலைமுறை தலைமுறையாகச் சொந்த வண்டி, சொந்தக் குதிரையோடு ஓட்டுகிறார்கள். 2009-இல் குதிரையின் பின்னால் லத்தியை, அதாவது சாணத்தை, பிடிக்கும் பை கட்டினால்தான் அனுமதி என்று நிர்வாகம் நிபந்தனை போட்டது. பை உரசினால் குதிரை மிரளும் என்று வண்டிக்காரர்கள் மறுத்தார்கள். விவகாரம் நீதிமன்றம்வரை போனது. வெளியே இருந்து பார்த்தால் அற்பச் சண்டையாகத் தெரியும். ஆனால் ஒரு குதிரை நாளொன்றுக்குச் சுமார் 20 கிலோ லத்தி போடும். அதை அள்ளுவது யார் என்று முதல் நாளே எழுதி வைக்காத எந்த ஏற்பாடும் இப்படித்தான் வந்து நிற்கும். நம்மிடம் நந்தவனங்களும் மாந்தோப்புகளும் இருக்கின்றன. அள்ளுவதற்குக் கூலி ஒதுக்கினால் லத்தி உரமாகிவிடும்.

இந்த முறையில் எனக்குப் பிடித்தது, வண்டிக்காரருக்குத் தன் குதிரையின் குணம் தெரியும், தன் குதிரை என்ற பாசமும் இருக்கும். ஆனால் பாசத்தால் கொள்ளு வாங்க முடியாது. ஏரிக்கரையில் நான் பார்த்தவரும் பாசமில்லாதவர் அல்லர். மஞ்சள் பூசியவர் அவர்தான். ஒற்றைக் குதிரைக்காரருக்கு ஓய்வு நாள் என்றால் பட்டினி நாள்.

மும்பை மூன்றாவது வழியைக் காட்டியது. கேளிக்கைச் சவாரிக்கு 'விக்டோரியா' எனப்படும் குதிரை வண்டிகளை ஓட்டுவது சட்டவிரோதம் என்று 2015-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021-இல் குதிரையில்லாத மின்சார விக்டோரியா வந்தது. மதுரை நகருக்குள், மாசி வீதியிலும் வெளி வீதியிலும், எனக்கு இதில் மறுபேச்சே இல்லை. தார் கொதிக்கும் நெரிசலில் குதிரை வேண்டாம்.

நான்காவது வழியில் குதிரையே கிடையாது, இருந்தாலும் என் மனம் அங்கேதான் போகிறது. குமுளி பஸ் ஏறினால் போய்விடக்கூடிய தேக்கடியில், பெரியாறு புலிகள் காப்பகத்தில், கிராமத்தார் சூழல் மேம்பாட்டுக் குழுக்களாகச் சேர்ந்து பயணிகளுக்கு வழிகாட்டுகிறார்கள், மூங்கில் தெப்பம் விடுகிறார்கள். ஒரு காலத்தில் காட்டுக்குள் திருட்டுத்தனமாகப் பட்டை உரித்தவர்களும் அவர்களில் உண்டு. குழு டிக்கெட் விற்பதால் ஆளைப் பிடித்து இழுக்கும் பேரம் இல்லை. இதைக் குதிரைக்குப் பொருத்தினால் வரவு பொதுக்கணக்கில் சேரும். குதிரை ஓடினாலும் நின்றாலும் உரிமையாளருக்கு நாள் சம்பளம், குதிரைக்குக் கொள்ளு. புண் வந்தால் மறைக்க வேண்டிய தேவையே இராது. அதற்காகத்தான் என் ஓட்டு இதற்கு.

இதிலும் ஓட்டை உண்டு. பொதுப்பணம் என்றால் கணக்கு தடுமாறும், குழுத் தலைவரின் மைத்துனர் குதிரைக்கு முதல் சவாரி கிடைக்கும். எந்தக் குதிரையை எப்போது பூட்டுவது என்ற வரிசையைக் கரும்பலகையில் எழுதிப் போடுவது, கால்நடை மருத்துவர் வாரம் ஒருமுறை பார்த்துக் கையெழுத்திடுவது, இரண்டும் இல்லாமல் தொடங்கவே கூடாது.

சட்டமும் நமக்குத் துணையாக இருக்கிறது. 1965-ஆம் ஆண்டின் வண்டி இழுக்கும் விலங்குகளுக்கான வதைத் தடுப்பு விதிகள்படி நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. தொடர்ந்து ஐந்து மணி நேரம் தாண்டக் கூடாது. 37 டிகிரிக்கு மேல் வெயிலடிக்கும் இடத்தில் நண்பகல் 12 முதல் 3 வரை பூட்டவே கூடாது. ஓட்டுநரும் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் நீங்கலாக நான்கு பேர்தான் ஏறலாம். மதுரைக் கோடையில் இந்த விதியை அப்படியே கடைப்பிடித்தால் காலை, மாலை இரண்டு வேளைச் சவாரிதான் மிஞ்சும்.

பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் கப்பலில் இறங்கும் குதிரைகள் பராமரிக்கத் தெரியாமல் செத்துப்போகின்றன என்று சொல்லியிருக்கிறார். குதிரைக்காகப் பொன்னைக் கொட்டிய மண்தான் இது.

அழகர்கோவில் மலைப்பாதை செங்குத்து, அங்கே குதிரை ஏறக் கூடாது. கோட்டைச் சுவரை ஒட்டிய சமதளம் போதும். ஐந்து வண்டி என்றால் எட்டுக் குதிரை. ஐந்து ஓடும்போது மூன்று, புளியமர நிழலில், தொட்டியில் தண்ணீரோடு, பூட்டாமல் நிற்க வேண்டும். அந்த மூன்றின் தீவனச் செலவையும் சேர்த்துத்தான் டிக்கெட் விலை போட வேண்டும்.