பாதி விலைக்கு கீ வாங்கினேன், மூன்றே வாரத்தில் கேம் காணோம்

பூட்டை உடைத்து ஓசியில் ஆட விடும் 'கிராக்' செய்த கேமைத் தொடவே மாட்டேன் என்று நாலு பேரிடம் பெருமை பேசித் திரிந்தவன் நான். அந்தப் பெருமைதான் என்னைக் கவிழ்த்தது.

இரண்டே பேர் சேர்ந்து செய்த ஒரு கேம் மேல் ரொம்ப நாளாக ஆசை. கேமைத் திறக்கும் குறியீடான கீயை விற்கும் தளம் ஒன்றில் பாதிக்கும் குறைவான விலைக்குக் கிடைத்தது. காசு கொடுத்துத்தானே வாங்குகிறோம், திருட்டு இல்லையே என்று வாங்கிவிட்டேன். கணினி கேம்களுக்கான இணையக் கடையான ஸ்டீமும் மறுபேச்சில்லாமல் கீயை ஏற்றுக்கொண்டது. மூன்று வாரம் கழித்து ஒரு ராத்திரி லைப்ரரியைத் திறந்தால் கேம் இல்லை. கீ ரத்து என்று ஓர் அறிவிப்பு மட்டும்.

கோபம் யார் மேல் வந்தது என்கிறீர்கள்? கேமைச் செய்தவர்கள் மேல். காசையும் வாங்கிக்கொண்டு கேமையும் பிடுங்கிவிட்டீர்களே என்று காரசாரமாக மெயில் அனுப்பினேன். மறுநாளே பதில், ஒரு கடுஞ்சொல் இல்லாமல். அந்தக் கீயை யாரோ திருட்டு கிரெடிட் கார்டு வைத்து அவர்கள் தளத்தில் வாங்கியிருக்கிறார்கள். கார்டுக்குச் சொந்தக்காரர் வங்கியில் புகார் செய்ததும் பணம் திரும்பிப் போய்விட்டது. போதாததற்கு, அப்படிப் பணம் திரும்பிப் போனதற்கான சார்ஜ்பேக் கட்டணமும் இவர்கள் தலையில். நான் கிராக் போட்டு ஆடியிருந்தால் அவர்களுக்கு வரவு பூஜ்யம், அவ்வளவுதான். 'நேர்மையாக' வாங்கியதில் அவர்கள் கைக்காசு போயிருக்கிறது.

ஃபேக்டோரியோ என்ற கேமைச் செய்தவர்களுக்கும் இதே கதைதான். இன்னொரு தளமான ஜி2ஏயில் விற்ற 198 கீகள் முறைகேடானவை என்று உறுதியாகி, 2020இல் அந்தத் தளம் அவர்களுக்கு 39,600 டாலர் கொடுத்தது. அங்கே வாங்குவதற்கு பைரஸியே, அதாவது திருட்டுப் பிரதியே மேல் என்று 2019இல் நோ மோர் ரோபோட்ஸ் என்ற கேம் வெளியீட்டு நிறுவனத்தை நடத்தும் மைக் ரோஸ் சொன்னபோது, மனுஷன் சும்மா சீண்டுகிறார் என்று நினைத்திருந்தேன்.

சரி, எனக்கு விற்ற தளம் என்ன சொன்னது? நாங்கள் வெறும் சந்தை, விற்றவர் வேறொருவர், 'வாங்குபவர் பாதுகாப்பு' கட்டணத்தை நீங்கள் கட்டவில்லை. விற்றவரின் கணக்கு அதற்குள் மாயமாகியிருந்தது. சரக்கு நிஜம்தான் என்பதற்கே தனிக் காசு கேட்கிறார்கள் என்றால் அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஸ்டீமுக்கு வெளியே கீ வாங்குவதாக இருந்தால், எந்தெந்தக் கடைக்குத் தாங்களே கீ கொடுத்திருக்கிறோம் என்று கேம் செய்தவர்களிடமே கேட்டுவிடுங்கள். ஸ்டீமிலேயே வாங்கினால் 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். வெளியே வாங்கிய கீக்கு அந்த வசதி கிடையாது.

அப்புறம், மன்னிப்புக் கேட்டு எழுதினேன். சேவ் ஃபைலை அழித்துவிடாதீர்கள், எப்போது வாங்கினாலும் விட்ட இடத்திலிருந்தே ஆடலாம் என்று பதில் வந்தது.