புதிய டீம் லீடுக்கு எந்தப் புத்தகம்? குரோவ், பிங்க், ஹெர்ஸ்பெர்க் ஓர் ஒப்பீடு

ஆறேழு பேருக்குப் புதிதாகப் பொறுப்பேற்றவர் எதைப் படிக்கலாம் என்று கேட்டால் மூன்று பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். ஆண்ட்ரூ குரோவ் 1983இல் எழுதிய ‘ஹை அவுட்புட் மேனேஜ்மென்ட்’, டேனியல் பிங்க்கின் 2009ஆம் ஆண்டு நூல் ‘டிரைவ்’, ஃபிரடெரிக் ஹெர்ஸ்பெர்க் 1968இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் எழுதிய நீண்ட கட்டுரை. ஒன்றுதான் என்றால் குரோவை எடுங்கள். படித்து மூடியதும் திங்கட்கிழமை காலண்டரில் எதைப் போடுவது என்று சொல்லித் தருவது இந்த மூன்றில் அது ஒன்றுதான்.

பிங்க் படிக்கச் சுகமானவர். ஆளை உள்ளிருந்து நகர்த்துவது தன்னுரிமை, தேர்ச்சி, நோக்கம் என்பார். ‘இதைச் செய்தால் அதைத் தருவேன்’ என்ற பேரம், யோசித்துச் செய்ய வேண்டிய வேலையைக் கெடுக்கும் என்பது அவர் வாதம். சம்பளம் முதலில் நியாயமாக இருக்க வேண்டும், ஒரே மாதிரியான வழக்க வேலைக்குப் பரிசு பலிக்கும் என்றும் அவரே எழுதியிருக்கிறார். அந்த இரண்டையும் தாண்டிப் போகிறவர்கள்தான் ‘இன்சென்டிவே கூடாதாம்’ என்று முடித்துவிடுகிறார்கள். ஆனால் போன மாதம் சேர்ந்தவருக்கு எவ்வளவு தன்னுரிமை, எட்டு வருடம் இருப்பவருக்கு எவ்வளவு என்று ஆளுக்கு ஆள் அளக்க அதில் வழி போதாது.

ஹெர்ஸ்பெர்க்கை ஒரே மாலையில் முடித்துவிடலாம். சம்பளம், மேற்பார்வை, விதிமுறைகள் மோசமானால் கசப்பு வரும். அவற்றைச் சரிசெய்தால் கசப்புதான் போகும், ஊக்கம் பிறக்காது. ஊக்கம் சாதித்த உணர்விலும் பொறுப்பிலும் வேலையிலுமே இருக்கிறது. அவர் காட்டும் சோதனை ஒன்று முக்கியமானது. பங்குதாரர்களின் கடிதங்களுக்குப் பதில் எழுதும் ஊழியர்களை அவரவர் பெயரிலேயே கையெழுத்திட விட்டார்கள். அனுபவம் உள்ளவர்களின் கடிதங்களைச் சரிபார்ப்பதை 100 சதவீதத்திலிருந்து 10ஆகக் குறைத்தார்கள். முதலில் வேலைத் தரம் சரிந்தது, அப்புறம்தான் ஏறியது. பொறுப்பைக் கொடுத்த பலர் அந்தச் சரிவைப் பார்த்துப் பதறி, இரண்டாவது வாரமே திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள். இதற்காக மட்டுமாவது அந்தக் கட்டுரையைப் படிக்க வேண்டும்.

குரோவ் கணினி சிப் செய்யும் இன்டெல் நிறுவனத்தை நடத்தியவர். தொழிற்சாலைக் கண்ணோடு எழுதுகிறார். வேலை நடக்கவில்லையா? ஒன்று, அவருக்குச் செய்யத் தெரியவில்லை. இல்லை, மனம் இல்லை. உயிருக்கே ஆபத்து என்றால் அந்த வேலையைச் செய்துவிடுவாரா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். செய்வார் என்றால் குறை மனத்தில். அப்போதும் முடியாது என்றால் பயிற்சியில். இரண்டையும் குழப்பி, கற்றுக்கொடுக்க வேண்டியவரிடம் உற்சாகப் பேச்சு பேசுவது பரவலாக நடக்கும் தவறு.

அடுத்தது, அந்தந்த வேலையில் ஒருவருக்கு இருக்கும் முதிர்ச்சி. குறைவாக இருந்தால் என்ன, எப்போது, எப்படி என்று விரிவாகச் சொல்லுங்கள். நடுத்தரமானால் கலந்து பேசுங்கள். கூடுதலானால் இலக்கை ஒப்புக்கொண்டு விலகி நின்று கவனியுங்கள். இது ஆளுக்கு ஒட்டிய முத்திரை அல்ல. ஐந்து வருடம் புரோகிராம் எழுதித் தேறியவரை முதல்முறை கிளையன்டோடு பேசும் கூட்டத்தில் உட்கார வைத்தால், அங்கே அவர் புதியவர். ‘சீனியர்தானே, பார்த்துக்குவார்’ என்று விட்டால் அவரும் திணறுவார், கிளையன்டும் முகம் சுளிப்பார். ‘இதனை இதனால் இவன்முடிக்கும்’ என்ற குறளிலும் முதலில் வருவது ‘இதனை’தான்.

அளந்தாயிற்று, தொடர்ந்து கவனிப்பது எப்படி? அங்கேதான் ஒன் டு ஒன், அதாவது லீடும் ஊழியரும் தனியாக உட்கார்ந்து பேசும் கூட்டம், வருகிறது. குறைந்தது ஒரு மணி நேரம் வேண்டும் என்கிறார் குரோவ். அதற்குக் கீழே போனால் சட்டென்று தீர்கிற சின்ன விஷயங்கள்தான் மேசைக்கு வரும். பேச வேண்டியதை எழுதிக்கொண்டு வருவது ஊழியர், கூட்டம் அவருடையது. வேலைக்குப் புதியவரோடு வாரம் ஒருமுறை, தேறியவரோடு சில வாரங்களுக்கு ஒருமுறை. இருவரும் குறிப்பெடுக்க வேண்டும். நேரம் முடியப்போகும்போது இன்னொரு கேள்வி கேளுங்கள். ‘எல்லாம் ஓகே அண்ணா’ என்று நோட்டை மூடியவரிடம் ‘வேற எதுவும் இருக்கா?’ என்றால், பேனாவை உருட்டிக்கொண்டே, ‘அந்த வெள்ளிக்கிழமை டெலிவரி… கஷ்டம்தான்’ என்பார். அந்த மணி நேரம் முழுக்க அவர் சொல்லத் தயங்கியது அதுதான்.

இது கெடுவது இரண்டு வகையில். ஸ்டேட்டஸ் கேட்கும் கூட்டமாக மாறிவிடும். அல்லது வேலை நெருக்கினால் முதலில் தள்ளிப்போவது இதுவாக இருக்கும். இரண்டு தடவை ரத்தானால், மூன்றாவது தடவை எழுதிக்கொண்டு வரமாட்டார்கள்.

குரோவ் எழுதியது வீடியோ காலுக்கு முந்தைய காலம். ஊழியரின் இடத்துக்கே போய்ப் பேசுங்கள் என்ற யோசனை வீட்டிலிருந்து வேலை செய்யும் குழுவில் அப்படியே பலிக்குமென்று அடித்துச் சொல்வதற்கில்லை. கமிஷனில் ஓடும் விற்பனைக் குழுவுக்கும் இதே சிபாரிசைத் தயங்கித்தான் சொல்ல முடியும்.

குரோவின் நூலை அட்டை முதல் அட்டை வரை படிக்க வேண்டியதில்லை. முதிர்ச்சியைப் பற்றிய 12ஆம் அத்தியாயத்தில் தொடங்குங்கள், பிறகு கூட்டங்களைப் பற்றிய 4, பயிற்சி கொடுப்பது மேலாளரின் வேலையே என்னும் 16. நிறுவன அமைப்பைப் பேசும் மூன்றாம் பகுதியை, உங்களுக்குக் கீழே இன்னொரு லீட் வரும்போது எடுத்துக்கொள்ளலாம்.